அய்லாந்தஸ் வலைப்புழுவை வீட்டில் வளர்த்துப் பார்த்தேன்

அய்லாந்தஸ் மரத்தின் கொழுந்தை வலையால் கட்டித் தின்று, பிறகு அந்துப்பூச்சியாகும் புழுவை வளர்த்த கதை இது. முதலில் மரம், பூச்சி அப்புறம். அய்லாந்தஸ் மரத்தைத் தப்பாகப் பிடித்துவிட்டால் இந்த வேலை முழுக்க வீண். நான் இருக்கும் தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் ரயில் தண்டவாள ஓரம், நெடுஞ்சாலைச் சரிவு, கடைகளின் பின்புறம் என எங்கே பார்த்தாலும் நீளமான கூட்டிலைகளோடு மூன்று மரங்கள் நிற்கும். ஒன்று அய்லாந்தஸ், இன்னொன்று ஸ்டாக்ஹார்ன் சுமாக், மூன்றாவது கறுப்பு வால்நட். காரில் போகும்போது பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். கறிவேப்பிலை ஈர்க்கைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி.

பக்கத்தில் போய் ஒரு சிற்றிலையைத் திருப்பிப் பாருங்கள். சுமாக், வால்நட் இரண்டுக்கும் விளிம்பு முழுக்க ரம்பப் பல் இருக்கும். அய்லாந்தஸுக்கு விளிம்பு வழவழப்பு. ஆனால் காம்போடு சேரும் அடிப்பக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு மொட்டைப் பற்கள் இருக்கும்; ஒவ்வொரு பல்லின் அடியிலும் கடுகு மாதிரி ஒரு சுரப்பி. விரலால் தடவினாலே தட்டுப்படும். அதற்கும் சந்தேகம் தீரவில்லையென்றால் கசக்கி முகர்ந்து பாருங்கள். காறிப்போன கடலை வாடை வரும். ஒரு தடவை முகர்ந்தவர்களுக்குப் பிறகு படம் பார்த்துச் சரிபார்க்கும் வேலையே இல்லை.

நான் எடுத்தது பக்கத்து வீட்டு வேலியோரத்தில் இருந்த புதர். பெரிய மரம் ஒன்று இருந்ததை அவர்கள் முன்பு வெட்டியிருந்தார்கள். அய்லாந்தஸை வெட்டினால் அது செத்ததாக அர்த்தமில்லை. வேரிலிருந்து பத்துப் பக்கமும் கிளம்பும். அவருக்கு அது தலைவலி, எனக்கு வசதி. உயரமான மரத்தில் வலை எங்கோ தலைக்கு மேலே இருக்கும். வெட்டிய இடத்தில் கிளம்பிய தண்டுகளில் கொழுந்து இளசாக, கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. புழுக்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது போல. அந்த வரிசையில் வலை இல்லாத தண்டு குறைவு.

தேடிக்கொண்டிருந்த பூச்சியின் பெயர் அட்டேவா ஆரியா. ஆங்கிலத்தில் அய்லாந்தஸ் வெப்வோர்ம் மாத் என்பார்கள். இறகை விரித்தால் முனைக்கு முனை 18 முதல் 30 மில்லிமீட்டர்தான். ஆனால் இது இறகை விரித்து உட்காராது. உடம்பைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு உட்காரும்போது அந்துப்பூச்சி என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டு என்பார்கள், இல்லாவிட்டால் விஷக் குளவி என்று தள்ளி நிற்பார்கள்.

வலையைக் கண்டுபிடிப்பது எளிது. நுனிக்கொழுந்துப் பக்கம் நாலைந்து சிற்றிலைகளைச் சேர்த்து இழுத்துக் கட்டியிருக்கும். உள்ளே இலையின் பசுமை சுரண்டப்பட்டு, பழுப்பு நிறத்தில் தாள் போல மிச்சம் தெரியும். இழைகளில் கறுப்புப் புழுக்கைகள் சிக்கித் தொங்கும். புழு கண்ணில் படாவிட்டாலும் இந்தப் புழுக்கை காட்டிக்கொடுத்துவிடும். லேசாகத் தொட்டால் புழு பின்பக்கமாகவே சரசரவென்று ஓடி வலைக்குள் மறையும், அல்லது ஒரு இழையில் தொங்கிக் கீழே இறங்கிவிடும். அதனால் வலையைப் பிரித்துப் புழுவை எடுக்க முயலக் கூடாது. கொத்தின் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு காம்போடு சேர்த்து வெட்டிப் போட வேண்டும். கையுறை அவசியம், அய்லாந்தஸின் சாறு சிலருக்குத் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும்.

வெட்டியதை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் இன்னொரு சோதனை உண்டு. எங்கள் பக்கத்தில் ஸ்பாட்டட் லான்டர்ன்ஃப்ளை என்ற ஆசியப் பூச்சி பெரிய தொல்லை. அமெரிக்காவில் முதன்முதலாக 2014-இல் எங்கள் மாநிலத்துப் பெர்க்ஸ் கவுண்ட்டியில்தான் அதைக் கண்டார்கள். அதற்கு உயிரான மரமும் இதே அய்லாந்தஸ்தான். சின்னக் குஞ்சுகள் கறுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். வளர்ந்த குஞ்சுகளுக்கு மேலே சிவப்பும் சேரும். ஒவ்வொரு காம்பையும் திருப்பிப் பார்த்து, இருந்தால் அங்கேயே நசுக்கிவிட்டுத்தான் எடுத்து வந்தேன். இந்த ஊரில் அதற்கு இரக்கம் காட்டுகிறவர்கள் கிடையாது.

வீட்டில் இரண்டு ஏற்பாடு. சின்னப் புழுக்களுக்கு மூடியில் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் பேப்பர் டவல். பெரியவற்றுக்கு, அழுக்குத்துணி போட்டு வைக்கும் மடக்குக் கூடை; நாலு பக்கமும் வலைத்துணி, மேலே ஜிப் வைத்த ஒரு மூடி நான் தைத்துக்கொண்டேன். பூச்சிக்கென்றே விற்கும் கூண்டு இதைவிடப் பல மடங்கு விலை. வேலை என்னவோ ஒன்றுதான்.

உண்மையான பாடு இலையை வாடாமல் வைப்பதில்தான். அய்லாந்தஸ் இலை வெட்டியவுடன் தொங்க ஆரம்பிக்கிறது. தனிச் சிற்றிலையாகப் பறித்துப் போட்டால் மறுநாள் காலையில் சருகு. முழுக் கூட்டிலையாக, நடுக்காம்பின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் செருகினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். குப்பியின் வாயைப் பஞ்சால் இறுக்க அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கிப் போய்த் தண்ணீரில் விழும். புது இலை வைக்கும்போது பழைய வலையை எடுத்துவிடாமல், பழைய கொத்தைப் புது இலையோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி சாய்த்து வைத்தேன். பழையது காயக் காயப் புழுக்கள் தாங்களே பாலம் கட்டிப் புதியதற்கு மாறிவிட்டன. கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பதில் பாதி நசுங்கும், மீதி ஓடும்.

டப்பாவில் ஈரம் சேரக் கூடாது. மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தால் துளை போதவில்லை என்று அர்த்தம். பேப்பர் டவலைத் தினமும் மாற்றினேன். புழுக்கை ஈரத்தில் ஊறினால் பூஞ்சை பிடிக்கும், பிறகு கூட்டமாக வாழும் புழுவில் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் போகும்.

புழுவைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அதன் அழகு தெரிகிறது. முதுகில் அகலமான, பச்சை கலந்த பழுப்புப் பட்டை. இரு பக்கமும் வெள்ளையும் ஆலிவ் பச்சையுமாக மெல்லிய கோடுகள் மாறி மாறி ஓடும். உடம்பெங்கும் தனித்தனியாகச் சில முடிகள். சில புழுக்கள் வெளிர் பழுப்பு, சில ஏறக்குறைய கறுப்பு. இலை மட்டும்தான் தின்னும் என்றில்லை. இளந்தண்டின் பட்டையையும் சுரண்டியிருந்தது.

ஒரே வலைக்குள் எல்லா அளவிலும் புழு இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பூச்சி புது இலை தேடிப் போய் முட்டையிடுவதைவிட, ஏற்கெனவே புழுக்கள் குடியிருக்கும் வலையின் மேலேயே முட்டையிடப் பார்க்கிறது. அதனால் ஒரு வலையைப் பிரித்தால் நூல் அளவு குஞ்சும், முழுதாக வளர்ந்ததும், கூட்டுப்புழுவும் ஒரே இடத்தில் கிடைக்கும். கூட்டுக்குடும்பமேதான். நடுக்கோடையில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டைவரை சுமார் நாலு வாரம் போதும்.

அடுத்து எனக்கு இருந்த ஆசை, வேறு இலை கொடுத்தால் தின்னுமா என்று பார்ப்பது. தனி டப்பாவில் சில புழுக்களை விட்டு, சுமாக் இலை ஒரு பக்கம், வால்நட் இலை ஒரு பக்கம், அய்லாந்தஸ் ஒரு பக்கம் வைத்தேன். இரவு கழிந்ததும் அய்லாந்தஸில் வலை, மற்ற இரண்டிலும் ஒரு கடி அடையாளம்கூட இல்லை. அய்லாந்தஸை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் விட்டால், புழுக்கள் மூடியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தனவே தவிர வாய் வைக்கவில்லை. சுமாக், மாமரமும் முந்திரியும் இருக்கும் குடும்பம். வால்நட் வேறு குடும்பம். இலையின் உருவம் நம்மைத்தான் ஏமாற்றுகிறது, புழுவை அல்ல. பட்டினி போட மனமில்லாமல் மாலையில் பழைய சாப்பாட்டையே திரும்ப வைத்தேன்.

இந்தப் பூச்சி பார்ப்பது அய்லாந்தஸ் சேர்ந்திருக்கும் சிமரூபேசி என்ற தாவரக் குடும்பத்தை. குவாசினாய்டு எனும் கடுங்கசப்புப் பொருள்கள் நிறைந்த குடும்பம் அது. அய்லாந்தஸ் தன்னைச் சுற்றி மற்ற செடிகளை வளரவிடாமல் செய்வதும் அந்த வகைப் பொருளால்தான். அய்லாந்தோன் என்று பெயர். பல பூச்சிகள் ஒதுங்கும் இந்தக் கசப்பு அட்டேவாவுக்கு அன்றாடச் சோறு.

இங்கேதான் கதையே இருக்கிறது. பூச்சி இந்தக் கண்டத்துக்குச் சொந்தம். மரம் சொந்தமில்லை. அட்டேவா ஆரியாவின் பழைய உணவு தெற்கு ஃப்ளோரிடாவிலும் மத்திய அமெரிக்காவிலும் இயற்கையாக வளரும் சிமரூபா கிளாகா. நம் ஊர் நர்சரிகளில் லட்சுமி தரு என்ற பெயரில் விற்கிறார்களே, அதே மரம். குளிர் தாங்காத மரம் என்பதால் பூச்சியும் அந்தச் சூடான பகுதியோடு நின்றிருந்தது. அய்லாந்தஸ் சீனாவைச் சேர்ந்தது. வில்லியம் ஹாமில்டன் என்பவர் 1784-இல் பிலடெல்பியாவில் தன் 'தி வுட்லண்ட்ஸ்' தோட்டத்தில் அலங்காரத்துக்காகக் கொண்டுவந்து வைத்தார். அந்த இடம் இன்றும் இருக்கிறது, என் வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரம்தான். அங்கிருந்து நகரத் தெருக்களுக்குப் பரவி, பிறகு யாரும் நடாமலே நாடு முழுக்கப் பரவிவிட்டது. தெற்கே வந்து சேர்ந்த அய்லாந்தஸைப் பூச்சி தன் குடும்பத்து மரமாக அடையாளம் கண்டுகொண்டது. அதன் பிறகு வடக்கே போக வழி திறந்துவிட்டது. இப்போது கோஸ்டாரிகாவிலிருந்து கனடாவின் தெற்கு ஒன்டாரியோ, கியூபெக் வரை இது கிடைக்கிறது.

ஆனால் குளிர்காலம் இதற்கு இன்னும் கைவரவில்லை. வடக்கே பனி விழுந்ததும் எல்லாம் செத்துப்போகும். அடுத்த கோடையில் தெற்கிலிருந்து புதிதாகப் பறந்து வந்து மறுபடி குடியேறும். எங்கள் பக்கத்தில் ஜூனில் ஒன்றிரண்டு கண்ணில் படும். ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கே பார்த்தாலும் இருக்கும்.

இதைப் பற்றிச் சாத்தூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவிடம் பேசியபோது படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இது நம்ம பெருமரத்துல வர்ற புழுதானடா! கொழுந்தச் சேத்துக் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்து திங்கும். இதுக்கு மருந்தடிக்க நான் காசு செலவழிச்சேன், நீ என்னன்னா வீட்ல வச்சுச் சோறு போடுற."

"இது வேற வகை சித்தப்பா, அதோட சொந்தக்காரன்."

"சொந்தக்காரன்னா அதே புத்திதான இருக்கும்."

அவர் சொன்னது சரிதான். தீக்குச்சிக்காக வரப்போரமும் தோப்பாகவும் வளர்க்கும் பெருமரம், சிலர் பீநாறி என்பார்கள், அய்லாந்தஸ் எக்செல்சா. அதன் கொழுந்தைக் கட்டித் தின்பது அட்டேவா ஃபேப்ரிசியெல்லா. அதே பேரினம், அதே வலை, பூச்சியும் அதே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு மரம் வளர்க்கிறவர்களுக்கு அது எதிரி. இங்கே மரமே எதிரி என்பதால் அதன் சொந்தக்காரப் புழுவுக்கு நல்ல பெயர். ஆனாலும் புழு மரத்தை ஒழித்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நாற்றுகளும் இளந்தண்டுகளும் மொட்டையாகும், அவ்வளவுதான். பெரிய மரம் அதைக் கண்டுகொள்வதேயில்லை.

சரி, கூடைக்கு வருவோம். முழுதாக வளர்ந்த புழுக்கள் தின்பதை நிறுத்தி, வலைக்குள்ளேயே இழைகளுக்கு நடுவில் தொங்கியபடி கூட்டுப்புழுவாயின. பட்டுப்பூச்சி போல அடர்ந்த கூடு எதுவும் கிடையாது. தளர்வான வலைக்குள் மெலிந்த, பழுப்பு நிறக் கூட்டுப்புழு வெளியிலிருந்தே தெரிகிறது. அந்த நேரத்தில் எதையும் சுத்தம் செய்யவில்லை. காய்ந்த இலையை எடுக்கப் போனால் கூட்டுப்புழுவும் சேர்ந்து வரும். எல்லாம் ஆன பிறகு புழுவே இல்லாத பக்கங்களை மட்டும் கத்தரித்து எடுத்தேன். சிலவற்றிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் குளவி வந்தது. வெளியில் பிடித்த புழுவை வளர்க்கும்போது இது சகஜம். புழுவாக இருந்தபோதே குளவி உள்ளே முட்டை வைத்திருக்கும். குளவிகளையும் வெளியே விட்டுவிட்டேன், அவையும் பிழைக்க வேண்டியவைதானே.

பூச்சி வெளிவந்தது காலை வேளைகளில். இறகு விறைத்ததும் உடம்போடு சுற்றிக்கொண்டு வலைத்துணியில் ஏறி நின்றது. முன்னிறகு நல்ல ஆரஞ்சு. அதன் குறுக்கே நாலு வரிசையாக வெளிர் மஞ்சள் திட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீலம் கலந்த கறுப்புக் கரை. ஓவியம் தீட்டி முடித்து மை வைத்துக் கரை போட்ட கை தெரியும். பின்னிறகு சாம்பல், ஏறக்குறைய ஒளி ஊடுருவும். உட்கார்ந்திருக்கும்போது அது கண்ணுக்கே படாது. கசப்பை எச்சரிக்கும் நிறம் இது என்பார்கள்; என் கூடையில் அதைச் சோதிக்கப் பறவை எதுவும் இல்லை.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பழைய கையேடுகளில் தேடினால் அட்டேவா பங்க்டெல்லா என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். 2010-இல், மரபணுவின் ஒரு சிறு துண்டை வைத்து இனத்தை அடையாளம் காணும் டி.என்.ஏ. பார்கோடு முறையில் வட அமெரிக்கப் பூச்சிகளையும் கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே காப்பகத்தில் வளர்த்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வடக்கே ஒரு பெயர், தெற்கே இன்னொரு பெயர் என்று அழைத்துவந்தது ஒரே இனம் என்று தெரிந்தது. அதோடு கோஸ்டாரிகாவில் ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் இரண்டு. வறண்ட காட்டில் வாழ்ந்து கனடாவரை பரவியிருப்பது அட்டேவா ஆரியா. மழைக்காட்டில் இருப்பது அட்டேவா பஸ்டுலெல்லா. ஆரியா என்ற பெயர் நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளர் ஏசா ஃபிட்ச் 1857-இல் வைத்தது. உணவுச்செடிக் குறிப்பும் அந்த முடிச்சை அவிழ்க்க உதவியது. அதனால்தான் புழுவைப் படம் எடுக்கும்போது இலையின் அடிப்பக்கப் பல்லையும் சுரப்பியையும் சேர்த்து ஒரு படம் எடுக்கிறேன். பார்த்த உயிரினங்களின் படத்தைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் பூவில் உட்கார்ந்த பூச்சிப் படம் கொட்டிக் கிடக்கிறது. எந்த இலையில் புழு இருந்தது என்று சொல்லும் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

வெளிவந்த பூச்சிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தேன். சிலவற்றை ஒரு நாள் படத்துக்காக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அன்றன்றே கொல்லைப்புறத்துக் கோல்டன்ராட் பூவில் விட்டேன். இது இரவில் விளக்குக்கு வரும், பகலில் பூவுக்கும் வரும். மில்க்வீட், ஜோ-பை வீட் பூக்களிலும் பார்க்கலாம். பூவில் இருக்கும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினாலும் நகராது. கிட்டப்போய் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பூச்சி கிடையாது.

இதற்காக அய்லாந்தஸ் வளர்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடவே கூடாது. லான்டர்ன்ஃப்ளைக்கும் அது விருந்து, அஸ்திவாரக் கான்கிரீட்டையும் பிளக்கும், ஒரு பெண்மரம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விதை பறக்கவிடும். புழுவுக்குப் பஞ்சமில்லாத அளவுக்கு ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் புதரை ஒழிக்கப் போவதாகச் சொன்னபோது நான் தடுக்கவில்லை. வெறுமனே வெட்டினால் திரும்பவும் கிளம்பும் என்பதால், தண்டில் கீறல் போட்டு மருந்து வைக்கச் சொன்னேன். அதைக் கோடையின் பிற்பகுதியில், மரம் சத்தை வேருக்கு இறக்கும் சமயத்தில் செய்தால்தான் மருந்தும் வேர்வரை போகும். அதற்கு முதல் நாள் மிச்சமிருந்த வலைகளைக் கொத்தோடு வெட்டி, வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு அய்லாந்தஸ் கும்பலில் செருகிவிட்டு வந்தேன்.

வளர்த்துப் பார்க்க நினைக்கிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் தொடங்குங்கள். செப்டம்பர் கடைசியில் எடுக்கும் வலையிலிருந்து பூச்சி வரும்போது வெளியே பூ இருக்காது, புதிய இலையும் கிடைக்காது. வேலை முடிந்ததும் கூடையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தையல் ஓரங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வலை இழை ஜிப்பில் சிக்கினால் அடுத்த கோடையில் ஜிப் நகராது.